என் கணவர் மைக்கில் சொன்னது

பதினொன்றாம் வகுப்பில் கணங்கள் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு கணத்தில் எத்தனை உறுப்புகள் என்று எண்ணிக் காட்டிவிட்டு, "கவுன்ட் கரெக்டா இருக்கான்னு ரெண்டு தடவை பாருங்க. கவுன்ட்ல கோட்டை விட்டா மொத்தமும் போச்சு" என்றேன். கடைசி பெஞ்சில் யாரோ இருமினார்கள். இருமல் இல்லை, அடக்க முடியாமல் வெடித்த சிரிப்பு. அது முன்னால் பரவி, முதல் வரிசையில் உட்காரும் அமைதியான பெண்கள்கூட நோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். புடவையில் சாக்பீஸ் தூள் ஏதும் கோமாளித்தனமாகப் பட்டிருக்கிறதோ என்று குனிந்து பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை. "என்ன ஜோக்கு? சொன்னா நானும் சிரிப்பேன்ல" என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

ஸ்டாஃப் ரூமில் கெமிஸ்ட்ரி டீச்சர் என்னை ஜன்னலோரம் அழைத்துப் போனாள். "மேம், நீங்க இன்னும் பாக்கலையா?" என்று கேட்டபோது அவள் குரலில் இருந்தது இரக்கம். போனைக் கையில் கொடுத்துவிட்டு, நான் பார்த்து முடிக்கும்வரை கேண்டீன் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீடியோவில் என் கணவர், மேடையில் மைக்கோடு. நான் இஸ்திரி போட்டுக் கொடுத்த கறுப்புச் சட்டை.

"டாக்டர் சொல்றாரு, சார், ஸ்பெர்ம் கவுன்ட் ரொம்பக் கம்மின்னு. எவ்ளோ சார் கம்மின்னேன். விரல் வுட்டு எண்ணிடலாம்னாரு. அவ்ளோதானா? அப்போ ஒண்ணொண்ணுக்கும் பேரே வெச்சிடலாமே சார்!"

கூட்டம் சிரித்தது. அவர் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

"இதுல இன்னா மேட்டர்னா, எங்க அம்மாவுக்கு இது தெரியாது. கோளாறு மருமவளுக்குத்தான்னு நெனச்சிகினு, நாலு வருஷமா வேப்பங்கொழுந்து அரைச்சி அவளுக்குக் குடுத்துகினு கீறாங்க. நானும் பக்கத்துலயே குந்திகினு பாத்துகினு கீறேன். ஏன் சொல்லலன்னு கேக்குறீங்களா? சொன்னா அந்தக் கிளாஸ் என் பக்கம் திரும்பிடும்ல!"

கூட்டம் அன்று அதிகம் சிரித்தது அதற்குத்தான். முன்வரிசையில் ஒரு பெண் பக்கத்துத் தோழியின் தோளில் சாய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

டாக்டர் சொன்னது வெளியே வந்ததில்கூட எனக்கு அவ்வளவு கூச்சம் இல்லை. அந்தக் கிளாஸ்தான். வெள்ளிக்கிழமைதோறும் வெறும் வயிற்றில், மூக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரக் குடித்த கிளாஸ். அதைக் குடித்தபோது நான் ஏதோ பெரிய காரியம் செய்வதாக நினைத்திருந்தேன். வீடியோவில் பார்த்தபோது, விவரம் தெரிந்தும் விஷம் போலக் கசப்பைக் குடித்த ஒரு அசட்டுப் பெண்ணாகத் தெரிந்தேன். மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

என் கணவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கல்லூரியில் எனக்கு ஒரு வருடம் மூத்தவர். முடிச்சூர்க்காரர். அவர் குடும்பம் ஒரு காலத்தில் அங்கே நெல் போட்டது. இப்போது அந்த இடத்தில் போர்ஷன் போர்ஷனாகக் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். நான் சிட்லபாக்கம் காலனியில் வளர்ந்தவள், அப்பா அரசாங்க ஆபீசில் கிளார்க். காதல் கல்யாணம். இரண்டு வீட்டாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வந்து அட்சதை போட்டார்கள். தனியாக இருக்கும்போது அவரை "நீ" என்றுதான் சொல்வேன், அவர் அம்மா, அதாவது அத்தை, முன்னால் மட்டும் "நீங்க". அவர் எப்போதும் என்னை "டீச்சர்" என்பார்.

சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை பார்த்தார். போகும்போதும் வரும்போதும் கம்பெனி பஸ்ஸிலேயே பாதி நாள் கழியும். பஸ்ஸில் மேனேஜர் மாதிரிப் பேசிக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைப்பார் என்று அவர் நண்பர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கேளம்பாக்கத்தில் ஒரு காபிக் கடை மாடியில், யார் வேண்டுமானாலும் ஏறி ஐந்து நிமிடம் பேசலாம் என்று ஒரு நிகழ்ச்சி ஆரம்பித்தார்கள். நண்பர்கள் தள்ளிவிட, இவர் ஏறினார். மேனேஜரைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் பேசினார். ஒருவரும் சிரிக்கவில்லை. காபி மெஷினின் சத்தம்தான் கேட்டது. வீட்டுக்கு வந்து, "டீச்சர், இன்னைக்கு ஒரு அஞ்சு நிமிஷம் அரை நாள் மாதிரிப் போச்சு" என்றார்.

அடுத்த முறை வேறு ஒன்றைச் சொன்னார்.

"எங்க தாத்தா ஏரியை பிளாட் போட்டு வித்தாரு. வாங்கினவன் கையெய்த்து போட்டான், வித்தவன் கையெய்த்து போட்டான், ஆபீசர் கையெய்த்து போட்டாரு. ஏரி மட்டும் போடல. அதான் வருசா வருசம் மழைக்கு வந்து, வூட்டுக்குள்ள நின்னுகினு, 'இன்னா நைனா, இது என் எடமாச்சே'ன்னு கேக்குது."

மாடி அதிர்ந்தது. மழைக்காலத்தில் மொட்டை மாடியில் தூங்கியவர்கள் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். அந்த ஜோக் வெளியே பரவியதும் அவருடைய பெரியப்பா எங்களோடு பேசுவதை நிறுத்தினார். இவருக்கு வருத்தம் இருந்தது. ஆனால் சூத்திரம் பிடிபட்டுவிட்டது. "எல்லாருக்கும் தெரியும், எவனும் வாயைத் தொறக்க மாட்டான். அதைச் சொன்னா சிரிக்கிறாங்க" என்பார். வயசுக்கு வந்த பெண்ணுக்கு ரோடெல்லாம் பேனர் வைப்பதைப் பற்றிப் பேசினார், காலனி அசோசியேஷனில் யாருக்கு வீடு தரக்கூடாது என்று மறைமுகமாகப் பேசிக்கொள்வதைப் பற்றிப் பேசினார். திட்டி மெசேஜ் வரும். ஒரு முறை கோவில் கமிட்டிக்காரர்கள் இருவர் வீடு தேடி வந்து, மோர் குடித்துவிட்டு, "பாத்துப் பேசுங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதையும் அடுத்த வாரம் மேடையில் சொன்னார். கொஞ்ச நாளில் மேடையே போதுமென்று வேலையை விட்டார்.

இதற்கு நடுவில்தான் டாக்டர். கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. என்னிடம் குறை எதுவும் இல்லை என்றும், அவரிடம்தான் என்றும் டாக்டர் மெதுவாக எடுத்துச் சொன்னார். என் கணவர் டாக்டரிடம் சிரித்துக்கொண்டே பேசினார். வெளியே வந்து பைக்கை எடுக்கப் போனவர், சாவியைப் போடாமல் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். "டீச்சர், அம்மாகிட்ட மட்டும் சொல்லாத" என்றார். சரி என்றேன். அப்போது அவர் முகத்தைப் பார்த்திருந்தால் யாரும் சரி என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

அந்தச் சரியிலிருந்துதான் வேப்பங்கொழுந்து வந்தது. ஈரப்புடவையோடு கோவில் பிராகாரத்தைச் சுற்றுவது வந்தது. கல்யாண வீடுகளில், "என்னமா, ஏதாவது விசேஷமா?" என்ற கேள்வி என்னிடம் மட்டுமே வந்தது. நான் தலையைக் குனிந்துகொள்வேன். தப்பு செய்தவளைப் போல நடித்து நடித்து, ஒரு கட்டத்தில் நடிக்கிறேன் என்பதே மறந்துவிட்டது.

வீடியோ வந்த அன்று மாலை அவரிடம் சண்டை போட நினைத்தேன். ஆனால் "என்னைக் கேட்டிருக்கலாம்" என்று மட்டும் சொன்னேன். "அது பிளான் பண்ணிச் சொன்னது இல்ல டீச்சர். கூட்டம் நல்லா இருந்துச்சு. வாயில வந்துடுச்சு" என்றார். அது உண்மை என்றும் தெரிந்தது, போதாது என்றும் தெரிந்தது.

இரண்டு நாள் கழித்துப் பிரின்சிபால் மேடம் கூப்பிட்டார். நல்ல மனுஷி. மேஜை மேல் இருந்த பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டே, "உங்க மேல ஒண்ணும் இல்ல மேம். பேரன்ட்ஸ் போன் பண்றாங்க. பெரிய பசங்க வேற. கொஞ்ச நாள் சிக்ஸ்த் எடுங்களேன்" என்றார். பெற்றோர்கள் எதற்குப் போன் செய்ய வேண்டும், நான் என்ன செய்தேன் என்று கேட்டிருக்க வேண்டும். "தேங்க்யூ மேம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். எதற்கு நன்றி சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை அத்தை வந்தார். எங்கள் ஃப்ளாட் ஊரப்பாக்கத்தில். முடிச்சூரிலிருந்து இரண்டு ஷேர் ஆட்டோ மாறி வந்திருக்கிறார். எப்போதும் கீரையோ முருங்கைக்காயோ இல்லாமல் வராதவர் வெறுங்கையோடு வாசலில் நின்றார். நாத்தனாரின் போனில் வீடியோவைப் பார்த்துவிட்டாராம்.

"அவன் எங்க?"

"குளிக்கிறாங்க அத்தை. உள்ள வாங்க."

உட்காரவில்லை. "அவன் சொன்னது நெசமா?"

நான் தலையாட்டினேன்.

"அப்போ நான் அரைச்சிக் குடுத்தப்ப நீ ஏம்மா குடிச்ச?"

நான் இதை எதிர்பார்க்கவில்லை. திட்டுவார், அழுவார், நம்ப மாட்டேன் என்பார் என்றெல்லாம் நினைத்திருந்தேன்.

"கசக்குதுன்னு ஒரு தபாவாச்சும் சொன்னியா? நீ குடிக்கக் குடிக்க, நம்ம மருமவ எவ்ளோ பொறுமைன்னு ஊர்ல சொல்லிகினு திரிஞ்சேன். இப்போ ஊரே என் கையைப் பாத்து சிரிக்குது. அரைச்ச கை இது." கையை நீட்டிக் காட்டினார். விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. நான் அவரைத் தொடப் போனேன். கையை இழுத்துக்கொண்டார்.

அப்போது என் கணவர் தலையைத் துவட்டிக்கொண்டே வெளியே வந்து, அம்மாவைப் பார்த்துத் துண்டோடு நின்றுவிட்டார்.

"ஏண்டா, என்கிட்ட சொல்ல வாய் இல்ல. ஊரான் ஊரான்கிட்ட சொல்ல மட்டும் வாய் கீதா?"

"உன்கிட்ட சொன்னா நீ அழுவம்மா. அவங்க சிரிச்சாங்க."

அத்தை அழவில்லை. ஒரு கிளாஸ் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார். நாங்கள் இருவரும் பால்கனியில் நின்று, அவர் தெருமுனைவரை நடந்து போவதைப் பார்த்தோம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் ஒன்றுக்குப் போனோம். ஒருவரும் என்னிடம் விசேஷம் கேட்கவில்லை. பார்வையெல்லாம் அவர் பக்கம் போயிற்று. ஆண்கள் அவரைத் தோளில் தட்டி, தேவைக்கு மேல் சத்தமாகப் பேசினார்கள். நாத்தனார் என் கையைப் பிடித்து, "அண்ணி, நீங்க எங்ககிட்ட சொல்லியிருக்கலாம்ல" என்றாள். எனக்கு உடம்பே லேசான மாதிரி இருந்தது. பந்தியில் இரண்டாம் முறை பாயசம் கேட்டு வாங்கினேன். எதிரே அவர் இலையைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பாயசத்தை முடிக்காமலே இலையை மூடினேன்.

வீடியோவால் அவருக்கு நிகழ்ச்சிகள் குவிந்தன. முதல் முறையாகச் சொந்த ஊரிலேயே கூப்பிட்டார்கள். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி ஹால், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். "நீ வேணாம்னா அந்தப் பகுதியை எடுத்துடறேன்" என்றார். எல்லோரும் பார்த்துவிட்ட பிறகு எடுத்து என்ன ஆகப்போகிறது? "சொல்லு. ஆனா நான் வந்து உக்காருவேன்" என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. மண்டப வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கியபோது அங்கே அத்தை நின்றுகொண்டிருந்தார், பட்டுப்புடவையில். நாத்தனார் அழைத்து வந்திருக்கவில்லை. தானாகவே வந்திருக்கிறார். "என்னைப் பத்திப் பேசுறானாம். நேர்லயே கேப்போம்" என்றார்.

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தோம். முந்தின நாள் ரிசப்ஷனுக்கு மாட்டிய வெள்ளை உறைகள் இன்னும் நாற்காலிகளில் இருந்தன. அவர் மேடைக்கு வந்ததும் எங்களைப் பார்த்துவிட்டார். ஏரியைப் பற்றிச் சொன்னார், பேனரைப் பற்றிச் சொன்னார். அத்தை முகத்தில் அசைவே இல்லை. பிறகு டாக்டர் விஷயம் வந்தது. பேர் வைக்கலாமா என்ற இடத்தில் ஹாலே குலுங்கியது. நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது ஓரத்தில் நண்பர்களோடு உட்கார்ந்திருந்த ஒருவன் கத்தினான். "தலைவா, மொதல்ல நீ ஆம்பளையான்னு சொல்லு!"

இப்படிக் கத்துபவர்களை அவர் சும்மா விட்டதே இல்லை. கத்தியவனே கைதட்டும்படி பதில் சொல்வார். அன்று அம்மாவைப் பார்த்தார்.

அத்தை எழுந்துவிட்டார்.

"யார்றா அவன்? எந்திரிடா! என் புள்ளயைக் கேக்க நீ யாரு? அவனைக் குளிப்பாட்டி வளத்தவ நானு. எல்லாம் ஒயுங்காத்தான் கீது! உனக்கு இன்னா தெரியணும், இங்க வா, நான் சொல்றேன்!"

ஹால் வெடித்தது. விசில், கைதட்டல், காலால் தரையைத் தட்டும் சத்தம். எல்லாப் போனும் எங்கள் பக்கம் திரும்பியது. "பாட்டி சூப்பர்!" என்று யாரோ கத்தினார்கள். அத்தை சுற்றிலும் பார்த்தார். கோபம் போய் முகத்தில் குழப்பம் வந்தது. மெதுவாக உட்கார்ந்து என் பக்கம் குனிந்து, "இன்னாத்துக்குமா சிரிக்கிறாங்க?" என்று கேட்டார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இந்த முறை அவர் இழுத்துக்கொள்ளவில்லை.

"சிரிக்காதீங்க" என்றார் என் கணவர் மைக்கில். சிரித்தார்கள். "இல்ல, நெசமாவே எங்க அம்மா அது. சிரிக்காதீங்க ப்ளீஸ்." இன்னும் சிரித்தார்கள். அவர் பேசாமல் நின்றார். பேசாமல் நிற்பதும் அவர் வித்தைகளில் ஒன்றுதான் என்பது அங்கே வந்திருந்தவர்களுக்குத் தெரியும். அடுத்து ஏதோ பெரிதாக வரப்போகிறது என்று நினைத்து, அதற்கும் சிரித்தார்கள். இத்தனை வருடம் சிரிப்பை வரவழைக்கக் கற்றவருக்கு அதை நிறுத்தத் தெரியவில்லை. மேடையில் அவர் அவ்வளவு தனியாக நின்று நான் பார்த்ததில்லை.

மைக்கை ஸ்டாண்டில் வைத்துவிட்டு இறங்கி வந்தார். அத்தையின் நாற்காலிப் பக்கம் தரையில் குந்தி உட்கார்ந்தார்.

"உன்கிட்டதான்மா மொதல்ல சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். இவளைக் குடிக்க வுட்டுட்டு உக்காந்துகினு இருந்தேன்."

மைக் இல்லாததால் பக்கத்தில் இருந்தவர்களுக்குத்தான் கேட்டது. அவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். அவர்களைப் பார்த்துப் பின்னால் இருந்தவர்கள் நிறுத்தினார்கள். கடைசி வரிசை அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"எல்லாரும் பாக்குறாங்கடா. சட்டை அழுக்காவுது, எந்திரி" என்றார் அத்தை.

நிகழ்ச்சி அதோடு முடிந்தது. ஆட்டோவில் மூவரும் நெருக்கிக்கொண்டு போனோம். இரும்புலியூர் பக்கம் வரும்போது அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவர் தன் வீடியோவை நெட்டிலிருந்து எடுத்துவிட்டார். ஆனால் கூட்டத்தில் எடுத்தவர்களின் வீடியோ பரவியது. அத்தை எழுந்து கத்தும் இடம்வரைதான் அதில் இருக்கிறது. அவர் என்னிடம் கேட்ட கேள்வி இல்லை, நான் பிடித்துக்கொண்ட கை இல்லை. அடுத்த வாரம் ஒருவர் போன் செய்து, அம்மாவையும் மேடையேற்றினால் பெரிய ஹாலே போடலாம் என்றார். என் கணவர் போனைக் காதில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"கூடாது" என்றேன்.

"நான் ஒண்ணும் கேக்கலையே."

"கேக்கறதுக்கு முன்னாடியே சொல்றேன்."

வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சில மாதங்கள் மேடை ஏறவில்லை. வீட்டிலிருந்தபடி பழைய டெஸ்டிங் வேலையில் கிடைத்ததைச் செய்தார். இப்போது மறுபடி போகிறார். வெளியே யாரையும் விட்டுவைப்பதில்லை, அந்தக் குணம் போகாது. ஆனால் வீட்டு விஷயம் என்றால் முதலில் முடிச்சூருக்குப் போய் அம்மா முன்னால் சொல்லிக் காட்டுகிறார். அத்தை கேட்டுவிட்டு, "இதுல இன்னா சிரிப்பு கீது?" என்பார். சிலதை விட்டுவிடுகிறார். சிலதற்கு இருவரும் மணிக்கணக்கில் சண்டை போடுகிறார்கள். வேறொரு டாக்டரிடம் வைத்தியம் நடக்கிறது. இன்னும் ஒன்றும் ஆகவில்லை. பள்ளிக்கூடத்தில் நான் ஆறாம் வகுப்புக்குத்தான் கணக்கு எடுக்கிறேன்.

போன மாதம் தாம்பரத்தில் லேடீஸ் கம்பார்ட்மென்டில் ஏறினேன். எதிரே இருந்த பெண் என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். பெருங்களத்தூர் தாண்டியதும், "அக்கா, அந்த வீடியோல பாட்டி பக்கத்துல இருந்தது நீங்கதானே?" என்றாள். காது சுட்டது. "இல்லையே" என்றேன். "ஸாரிக்கா" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வண்டலூர் வந்தது, போயிற்று. கதவுப் பக்கம் நகர்வதற்காக நான் எழுந்தேன். அவள் யாருக்கும் கேட்காத குரலில், "எங்க வீட்லயும் அவருக்குத்தான்க்கா. எந்த டாக்டர்னு கேக்கலாம்னு..." என்றாள்.

ஊரப்பாக்கத்தில் நான் இறங்கவில்லை. கூடுவாஞ்சேரி பிளாட்பாரத்தில் நின்று அவளிடம் பேசினேன். முதலில் எங்கே போனோம், இப்போது யாரிடம் போகிறோம், மாமியாரிடம் யார் சொல்வது என்று எல்லாம் பேசினோம். பேசும்போது நான் இரண்டு தடவை சுற்றும் முற்றும் பார்த்தேன். அவளும் பார்த்தாள். பிறகு எதிர்ப் பக்கம் போய் வேறு வண்டி பிடித்துத் திரும்பி வந்தேன்.

ஏன் லேட் என்று அவர் கேட்டார். டிரெயின் லேட் என்றேன்.